தனுஷ்கோடியை நான் மன்னித்த கதை

எனக்குச் சத்தம் போட்டுப் பேச வராது, சார். தொண்டைவாகு அப்படி. வீட்டில் இன்னொரு கரண்டி ரசம் கேட்டால்கூட, "என்ன கேட்டிய?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் ஊற்றுவார்கள். அதனால் முதல் நாள் வகுப்பில் 'தலைவனுக்கு முதல் தேவை கணீரென்ற குரல்' என்று நீங்கள் சார்ட்டில் சிவப்பு மையால் எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தபோது, பின்வரிசையில் இருந்த எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வகுப்பு அருமை. ஸ்ரீவில்லிபுத்தூர் கத்திரி வெயிலில், மின்விசிறி நினைத்தால் சுற்றுகிற ஒரு கல்யாண மண்டபத்தில், கழுத்தில் டை கட்டிக்கொண்டு மூன்று நாள் நிற்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. உங்களை மெட்ராஸிலிருந்து வரவழைத்தவர்கள் பேனரில் உங்கள் பெயருக்கு முன்னால் 'சொல்வேந்தர்' என்றும், பின்னால் முழ நீளத்துக்குப் பட்டங்களும் போட்டிருந்தார்கள். பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. என்னோடு உட்கார்ந்திருந்தவர்களும் சாமானியர்கள் இல்லை. அரிசி ஆலைச் சங்கத் தலைவர், பால்கோவா வியாபாரிகள் சங்கத் தலைவர், ஒரே தெருவுக்கு இரண்டு நலச் சங்கம் இருந்து இரண்டுக்கும் தனித்தனித் தலைவர்கள். இத்தனை தலைவர்கள் இருக்கிற ஊரில் பின்னால் வருவதற்கு யார் மிச்சம் என்றுதான் தெரியவில்லை.

'நான் என் சொல்லால் பிறரை மாற்றிய சம்பவம்' என்று ஆளுக்கு ஒன்று சொல்லச் சொன்னீர்கள். நான் ரத்ததான முகாம் நடத்தியதைச் சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். நீங்கள் தட்டவில்லை. பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, "பால்ச்சாமி சார், அது நிஜமான பதில் இல்லையே" என்றீர்கள். அப்போதே உங்கள் மேல் எனக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. வகுப்பு முடிந்தது. தலைவர்கள் ஆளுக்கொரு சால்வையோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இனி நிஜமான பதிலைச் சொல்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவன். தலைவனாவதற்கு முன்னால் அதே ஆலையில், பேல் பஞ்சை உடைத்துப் பிரிக்கிற புளோரூமில் வேலை பார்த்தவன். எங்களுக்கு வெளியூரிலிருந்து பேச்சாளர்கள் வருவார்கள். "சிங்கங்களே" என்று ஆரம்பிப்பார்கள். சிங்கங்கள் ஷிப்டு முடிந்து தலையெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு, வீட்டில் என்ன குழம்போ என்ற யோசனையில் நிற்கும். பேச்சு முடிந்ததும் சிங்கங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடும்.

நான் அப்படிப் பேசுவதில்லை. பாதி வாக்கியத்தில் நிறுத்துவேன். தோளில் கிடக்கிற துண்டைச் சரிசெய்வேன். மீதி வாக்கியத்தை அவர்களே மனசுக்குள் முடித்துக்கொள்வார்கள். பிறன் சொன்னதை எவனும் மறுக்கலாம். தானே முடித்த வாக்கியத்தை ஒருத்தனும் மறுக்க மாட்டான். இது உங்கள் சார்ட்டில் இல்லை. வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்பத்தைந்து, எண்பத்தாறு வாக்கில் தனுஷ்கோடி தலையெடுத்தான். செட்டியார்பட்டிக்காரன். கொஞ்ச காலம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து எங்கள் புளோரூமில் சேர்ந்தவன். நெஞ்சை நிமிர்த்தித்தான் நிற்பான். உங்களுக்குப் பிடித்த கணீர்க் குரல். ஒரு பொதுக்குழுவில் எழுந்து, "நம்ம சங்கத்துக்குக் கடைசியா எலெக்சன் எப்பண்ணே நடந்துச்சு? எனக்கு மீச மொளைக்கதுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டான். நான் வழக்கம்போலப் பாதி வாக்கியத்தில் நிறுத்தித் துண்டைச் சரிசெய்தேன். அவன் கூட்டத்தைப் பார்த்து, "ஏலே, சத்தம் காட்டாதீய. அண்ணாச்சி யோசிக்கலப்பா, தூங்குதாக" என்றான்.

கூட்டமே சிரித்தது. என் நிழல்போல என்னோடு திரிகிற வீரணன்கூட, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். வீரணன் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே சிரித்தேன். அடுத்த தேர்தலில் தலைவர் பதவிக்குத் தான் நிற்பதாகத் தனுஷ்கோடி அன்றைக்கே சொல்லிவிட்டான்.

சங்க ஆபீசில் இருக்கிற தலைவர் நாற்காலியை நீங்கள் பார்த்திருந்தால் இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். பச்சை வயர் பின்னிய நாற்காலி. நடுவில் இரண்டு வயர் அறுந்து, எழுந்தால் முதுகில் அடையாளம் விழும். ஆனாலும் அதில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அவனைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை நான் சொன்னதில்லை. இதை நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். மில் வாசலில் நைனா முகமது டீக்கடை உண்டு. அங்கே ஷிப்டு மாறுகிற நேரம், கூட்டம் நிற்கும்போது சொன்னேன்: "தனுஷ்கோடி மானேஜர் பங்களாவுல மாமரத்துக்கு அடியில நின்னு பேசிக்கிட்டிருந்தான்னு எவனாச்சும் சொன்னா நம்பாதீய. அவன் நம்ம பய."

"யாரு அண்ணாச்சி சொன்னா?" என்றான் ஒருவன்.

"யாரும் சொல்லலப்பா. சொன்னா நம்பாதீயங்கேன்."

நைனா முகமது டீயை ஆற்றுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "சொல்லாத பேச்சுக்கு எதுக்கு அண்ணாச்சி மறுப்பு?"

"நல்ல பிள்ளைக்குக் கெட்ட பேரு வந்துரக் கூடாதுல்ல, பாய்."

அவர் மறுபடி டீயை ஆற்றினார். ஆனால் அன்றைக்கு என் டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டார்.

ஒரு வாரத்தில் அந்த மாமரம் காய்த்தது. மரத்தடியில் நின்றவன் கை நிறையச் சப்பட்டை மாங்காய் வாங்கிக்கொண்டு போனானாம். பிறகு அது கூடையானது. பிறகு கூடையைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொடுத்ததே மானேஜரின் சம்சாரம்தானாம். கடைசியாக அந்த வீட்டு நாய் வந்தது. வெள்ளை ராஜபாளையம் நாய். தபால்காரரையே இரண்டு முறை தையல் போட வைத்த நாய். அது தனுஷ்கோடியைக் கண்டால் வாலாட்டுகிறது என்றார்கள். நாயே சாட்சி சொல்லிவிட்ட பிறகு மனிதன் மறுப்பதற்கு என்ன இருக்கிறது? நான் ஒவ்வொரு தடவையும் மறுத்தேன். "சேச்சே, அவனப் போயி" என்றேன். நான் மறுக்க மறுக்கப் பேச்சு கெட்டியானது.

அந்தச் சமயத்தில் லீவு போட்டவர்கள் இடத்தில் நாள்கூலிக்கு நிற்கிற பதிலித் தொழிலாளிகள் சிலர் சேர்ந்து, விடுமுறை நாளில் வேலைக்கு வர மறுப்பதென்று ரகசியமாக முடிவெடுத்திருந்தார்கள். மறுக்கும் முன்பே அவர்களை நிர்வாகம் வெளியே அனுப்பிவிட்டது. மானேஜரிடம் அதைச் சொன்னது நான்தான். ஒரு தலைவன் நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தைக் கதவை எப்போதும் திறந்து வைத்திருக்க வேண்டும். ஆனால் வெளியே போனவர்களுக்கு ஒரு பதில் வேண்டுமல்லவா? அவர்கள் மாங்காயை நினைத்தார்கள். நாயை நினைத்தார்கள். நான் எதையும் நினைக்கச் சொல்லவில்லை.

தனுஷ்கோடி நேராக என்னிடம் வந்தான். கோபமாக வருவான் என்று எதிர்பார்த்தேன். கோபமே இல்லை. முகம் மட்டும் வாடியிருந்தது.

"அண்ணாச்சி, நான் ஒண்ணும் செய்யலன்னு உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்டே."

"அப்ப அத மேடையில வச்சுச் சொல்லிருங்க. நான் சொன்னா எடுபட மாட்டேங்கி. நீங்க சொன்னா கேப்பாக."

"சொல்லுதேன். நீ போ."

கும்பிட்டுவிட்டுப் போனான். வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவன் நான். அடுத்த கேட் மீட்டிங்கில் சொன்னேன்: "தப்பு பண்ணாத மனுசன் யாரு. தனுஷ்கோடி சின்ன வயசு. வீட்டுல என்ன கஷ்டமோ, மனசுல என்ன ஆசையோ. நான் அவன மன்னிச்சிட்டேன். நீங்களும்..." என்று சொல்லித் துண்டைச் சரிசெய்தேன்.

கூட்டத்துக்குள்ளிருந்து அவன் கத்தினான். "அண்ணாச்சி, என்ன தப்பு செஞ்சேன்னு சொல்லிட்டு மன்னிங்க. செய்யாததுக்கு எதுக்கு எனக்கு மன்னிப்பு?"

"ஏலே, மன்னிச்ச பொறவும் வாயப் பாரு இவனுக்கு" என்றது ஒரு குரல். வேறு நான்கு பேர் அதையே திருப்பிச் சொன்னார்கள். சார், குற்றம் சாட்டினால் ஒருவன் எதிர்த்து வழக்காடலாம், ஜெயிக்கவும் செய்யலாம். மன்னித்துவிட்டால் அவனுக்குப் போவதற்கு இடமே கிடையாது. மன்னிக்கப்பட்டவன் நிரபராதியாக இருந்ததாக எந்த ஊரிலும் சரித்திரம் இல்லை.

வீரணன் முன்னால் வந்தான். கூட்டத்தில் சிரித்த நாளிலிருந்து அவன் எனக்கு ஏதாவது செய்து காட்டத் தவித்துக்கொண்டிருந்தான். "அவன்கூட இனி எவனும் பேசக் கூடாது. மில்லுக்குள்ள கை காட்டக் கூடாது. சரிதான அண்ணாச்சி?" என்றான்.

"நீங்கள்லாம் சேந்து ஒரு முடிவெடுத்தா, நான் உங்க பின்னால வாறேன்" என்றேன். தலைவன் என்றால் முன்னால்தான் நடக்க வேண்டும் என்று இல்லை.

இந்தக் கை காட்டுகிற விஷயத்தை உங்களுக்கு விளக்க வேண்டும். பஞ்சாலைக்குள் வாய்க்கு வேலை கிடையாது. மிஷின் ஓடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவன் காதைக் கடித்தால்தான் கேட்கும். அதனால் எல்லாம் கையில்தான். தண்ணீர் வேண்டும், மேஸ்திரி வருகிறார், உனக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, பெண் பிள்ளை, தாய் நலம், எல்லாவற்றுக்கும் கை உண்டு. வெளியே ஒருத்தனோடு பேசாமல் இருந்தால் அவன் தனியாக இருப்பான், அவ்வளவுதான். மில்லுக்குள் கை காட்டாமல் இருந்தால் அவன் செவிடும் குருடுமாகிவிடுவான்.

எங்கள் புளோரூம் 'ட' எழுத்து மாதிரி வளைந்திருக்கும். ஒரு கோடியில் சுவிட்சு. மறு கோடியில் பீட்டர் பெட்டி. பீட்டர் என்பது இரும்புப் பட்டைகள் வைத்த உருளை. பஞ்சை அடித்துப் பிரிக்கும். அதில் பஞ்சு அடைத்துக்கொண்டால் மிஷினை நிறுத்திவிட்டு, ஒருவன் மூடியைத் திறந்து, இடுப்பு வரைக்கும் உள்ளே நுழைந்து கையால் வாருவான். மற்ற மிஷின்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இந்தக் கோடியில் நிற்பவனுக்கு அந்தக் கோடி தெரியாது. அதனால் அறை வளைகிற இடத்தில், நடு முக்கில், ஒருவன் நிற்பான். உள்ளே ஆள் இருக்கும்வரை வலது கையைத் தூக்கியே வைத்திருப்பான். ஆள் வெளியே வந்ததும் இறக்குவான். சுவிட்சுக்காரன் வேறெதையும் பார்க்க வேண்டாம், அந்தக் கையை மட்டும் பார்த்தால் போதும். என் அனுபவத்தில் அந்தக் கை ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

கேட் மீட்டிங்கில் மாரிச்சாமி என்ற மூத்த தொழிலாளி இதைத்தான் கேட்டான். "அண்ணாச்சி, அவன் பீட்டருக்குள்ள எறங்கும்போது முக்குக் கையுமா கெடையாது?"

"இதெல்லாமா மாரிச்சாமி நான் சொல்லணும்?" என்றேன்.

சிலர் அதை 'காட்டு' என்று எடுத்துக்கொண்டார்கள். சிலர் 'காட்டாதே' என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருவரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்பவன் விசுவாசமில்லாதவன் என்று அவர்களாகவே வைத்துக்கொண்டார்கள்.

அவன் பெஞ்சாதி அழகுத்தாய் என் வீட்டுக்கு வந்தாள். அதே மில்லில் நூல் சுற்றுகிற பிரிவில் இருப்பவள். வாசல்படி ஏறாமலே நின்றாள்.

"அண்ணே, அவியளுக்கு வீட்டுலயும் பேச்சு வர மாட்டேங்கி. சோத்துக்கு உக்காந்தா தண்ணிக்குக் கையக் காட்டுதாக. பிள்ளைகிட்டயும் கையக் கையக் காட்டுதாக. மில்லுல காட்டுததுக்கு ஆளு இல்லன்னா அந்தக் கை பொறவு எங்க போகும்? நீங்க ஒரு வார்த்த சொல்லி முடிச்சு வச்சிருங்க."

"நான் அவன எதுவும் சொன்னனா தாயி?"

"சொல்லலண்ணே. நல்லதாத்தான் சொன்னீக. நீங்க ஒரே ஒரு தடவ வாய் நெறைய வைஞ்சிருந்தீகன்னா அவிய பொழச்சிருப்பாக."

கெட்டிக்காரி. உங்கள் வகுப்புக்கு அவளை அனுப்பியிருக்கலாம். என் வீட்டில் காபி போட்டுக் கொண்டுவந்தார்கள். குடிக்காமல் போய்விட்டாள்.

இரண்டு மூன்று மாதம் போயிற்று. மனிதர்களுடைய கோபத்துக்கு ஆயுசு கம்மி. அதுதான் தலைவர்களுக்குப் பெரிய தலைவலி. முகத்தைப் பார்க்காமலே தனுஷ்கோடிக்குச் சிலர் கை காட்ட ஆரம்பித்தார்கள். அவன் பீட்டருக்குள் இறங்கினால் மாரிச்சாமி முக்கில் போய் நிற்பான். கை மேலே இருக்கும், முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கும். வெளியே அனுப்பிய பதிலி ஆட்களில் இரண்டு பேர், மானேஜருக்குச் சொன்னது வேறு யாரோ என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். நைனா முகமது கடையில் தனுஷ்கோடிக்கு மறுபடி டீ கிடைத்தது. லேபர் ஆபீசர் வற்புறுத்தியதில் சங்கத் தேர்தலுக்குத் தேதியும் குறித்தாயிற்று. இதையெல்லாம் கூட்டிப் பார்க்கத் தெரியாதவன் தலைவனாக இருக்க லாயக்கில்லை.

அன்றைக்குக் காலை ஷிப்டு. ஏதோ குறை கேட்கிற சாக்கில் நான் உள்ளே போனேன். பீட்டர் அடைத்துக்கொண்டது. சுவிட்சில் நின்ற வீரணன் அதை அணைத்தான். தனுஷ்கோடி மூடியைத் திறந்து உள்ளே நுழைந்தான். மாரிச்சாமி முக்கில் கையைத் தூக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றான். நான் பக்கத்தில் போய் அவன் தோளைத் தொட்டேன். 'நீ போய் டீ குடித்துவிட்டு வா, நான் நிற்கிறேன்' என்று கை காட்டினேன். அவனால் நம்ப முடியவில்லை. தனுஷ்கோடிக்காகத் தலைவரே முக்கில் நிற்கிறார் என்றால், எல்லாம் முடிந்தது, ஊரும் மில்லும் பழையபடி ஆகிவிடும் என்றுதானே அர்த்தம்? அவன் கண் கலங்கிவிட்டது. என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

நான் கையைத் தூக்கினேன். முதலில் தூக்கத்தான் செய்தேன். அதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

பிறகு சுற்றிலும் பார்த்தேன். புளோரூமே வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீங்கள் சொல்வீர்களே, கண்ணோடு கண் பார்த்துப் பேச வேண்டும் என்று. அத்தனை கண்ணும் என் கையில்தான் இருந்தன. அது மேலே நிற்க நிற்க, நான் இத்தனை மாதம் சொல்லாமல் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக உதிர்வது எனக்குத் தெரிந்தது. 'அண்ணாச்சியே தூக்கிட்டாக' என்று சாயந்தரம் டீக்கடையில் பேசுவார்கள். தேர்தலில் தனுஷ்கோடி ஜெயிப்பான். வீரணன் மறுபடி துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பான்.

தனுஷ்கோடியின் இரண்டு கால்களும் பெட்டிக்கு வெளியே தெரிந்தன. ஒரு செருப்பு கழன்று கிடந்தது. நான் வீரணனைப் பார்த்தேன். கையை இறக்கினேன். இறக்கித் துண்டைச் சரிசெய்தேன்.

வீரணன் சுவிட்சைப் போட்டான்.

சத்தம் மாறியது. புளோரூமில் இருக்கிறவர்களுக்குச் சத்தம் மாறினால் தெரியும். அம்பாசடர் காரில் போட்டு மதுரைக்குக் கொண்டுபோனார்கள். கிருஷ்ணன்கோவில் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. அன்றைக்கு அந்த மிஷினில் வந்த பஞ்சை மேஸ்திரி தனியாக ஒதுக்கிவைக்கச் சொன்னார். வெள்ளை நூலுக்கு அது ஆகாது.

வீரணன் என்னிடம் ஓடிவந்தான். "உங்க கை கீழ இருந்துச்சே அண்ணாச்சி, கீழதான இருந்துச்சு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். நான் அவன் தோளில் கை வைத்து, "ஒம் மேல தப்பு இல்லன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லுதேன்" என்றேன். சொல்லவும் செய்தேன். போலீசிடம் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், இழவு வீட்டில் சொன்னேன். "சுவிட்சப் போட்டது வீரணன்தான். வேணும்னு செஞ்சிருப்பான்னு எவனாச்சும் சொன்னா நம்பாதீய." ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கேஸ் நடந்தது. கூண்டில் ஏறியவர்கள் எல்லாரும், தாங்கள் வேலையில் கவனமாக இருந்ததாகவும் எதையும் பார்க்கவில்லை என்றும் சொன்னார்கள். அவ்வளவு கவனமான தொழிலாளர்களை எந்த மில்லும் பார்த்திருக்காது. வீரணன் கடைசியில் ஊரைவிட்டே போய்விட்டான். ஆலங்குளம் பக்கம் கல் உடைக்கிறான் என்று கேள்வி. மாரிச்சாமி டீ குடிப்பதை அடியோடு விட்டுவிட்டான். உடம்புக்கு நல்லதுதான்.

இரங்கல் கூட்டத்தில் நான் பேசினேன். என் வாழ்நாளில் அதுபோல நான் பேசியதில்லை. "தனுஷ்கோடி உயிரோட இருந்திருந்தா..." என்று நிறுத்தினேன். அழாத ஆள் இல்லை. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அழகுத்தாய் எழுந்தாள். அவள் அழவில்லை.

"முக்குல நின்னது யாரு?" என்றாள்.

 அவள் என்னைக் கேட்கவில்லை, சார். என் பக்கம் திரும்பவே இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த புளோரூம் ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்டாள். "மாரியண்ணே, நீங்களா நின்னீக? ஏய்யா, நீயா? நீயா?" என் கை இறங்கியதை அத்தனை பேரும் பார்த்தவர்கள்.  ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. அவள் கடைசி ஆள் வரைக்கும் கேட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தின் நடுவிலேயே நடந்து போனாள்.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நான் அவர்களில் ஒருத்தனிடமும் சொல்லவில்லை. மிரட்டவில்லை, கெஞ்சவில்லை, ஜாடைகூடக் காட்டவில்லை. 'சொல்லால் பிறரை மாற்றிய சம்பவம்' கேட்டீர்களே, இதுதான் அது. இதில் சொல்லே கிடையாது. தேர்தலில் என்னை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு வந்த தேர்தல்களிலும் நிற்கவில்லை.

தனுஷ்கோடியை நான்தான் கொன்றேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். கணக்குப் பார்த்தால் அப்படித்தான் வரும், நான் மறுக்கவில்லை. ஆனால் தொழிலாளர்கள் அப்படி நினைக்கவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். இன்றைக்கும் நான் புளோரூமுக்குள் நுழைந்தால், அத்தனை பேரும் மிஷினைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். ஒருத்தனும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை, ஒரு கை அசைவதில்லை. இத்தனை வருஷத்தில் எந்தத் தலைவனுக்கும் அவர்கள் இவ்வளவு மரியாதை கொடுத்து நான் பார்த்ததில்லை.